செவ்விளக்கு அணைந்த பின்னர்: பழைய கார்களின் மின்னேற்றக் கோளாறுகள்

சாவியைத் திருப்பியதும் கருவிப் பலகையில் ஒரு சிறு செவ்விளக்கு எரிகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கிச் சற்றே வேகம் பெற்றவுடன் அது அணைந்துவிடுகிறது. விளக்கு அணைந்தமையால் மின்னேற்றம் செவ்வனே நடைபெறுகிறது என்று நம்பி ஓட்டுபவர் புறப்படுகிறார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அதே கார் ஒரு முனகலோடு நின்றுவிடுகிறது. 'பேட்டரி போய்விட்டது' என்பது உடனே பிறக்கும் தீர்ப்பு. புதுப் பேட்டரி வருகிறது; அதுவும் ஒரு மாதத்தில் சோர்கிறது. அடுத்து டைனமோ குற்றவாளியாகிறது. அதற்கும் அடுத்தது கட்டுப்பாட்டுப் பெட்டி. மூன்றையும் மாற்றிய பின்னும் கோளாறு நீங்காமல், இயந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் ஒரு பின்னற்கம்பியில் ஏறிய துருவே காரணம் என்று இறுதியில் தெரியவருவதுண்டு.

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் கெடாவில் இத்தகைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய், பாலிங் ஆகிய ஊர்களைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த 1950, 1960ஆம் ஆண்டுகளில் மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபோர்டு ஆங்கிலியா, லேண்ட் ரோவர் முதலிய ஆங்கிலேய வண்டிகளே இப்பக்கத்துச் சாலைகளில் மிகுதி. அமெரிக்க வண்டி வைத்திருந்தோர் சிலரே. அலோர் ஸ்டாரில் 1957இல் தம் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் மகாதீர் முகமது பொண்டியாக் கட்டலினா என்னும் காரை வைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தோட்டங்கள் பல இன்று எண்ணெய்ப்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் தந்தை ஓட்டிய 'காடி' என்று போற்றி, 'கே' என்னும் கெடா எழுத்தைத் தாங்கிய எண்பலகையோடு அவ்வண்டிகளைக் காத்து வருவோர் உளர்.

அன்று தோட்டத்தில் ஒரு கார் கிளம்பாமற்போவது சிறிய செய்தி அன்று. பேறுகால வேதனையில் இருப்பவரை நள்ளிரவில் செம்மண் சாலை வழியே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஒன்றிரண்டு வண்டிகளே இருந்த இடங்கள் பல. இன்று அந்த இடர் இல்லை. இன்றுள்ள இடர் வேறு. பழைய டைனமோவைக் கைபார்த்தே அறிந்த போமன்மார் குறைந்துவிட்டனர். சோதியாமல் மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. நல்ல நிலையிலுள்ள மூலப்பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அதே தரத்தில் மற்றொன்று கிடைப்பது அரிது. ஆதலின் கோளாறு எங்கே என்று கண்டறியும் முறையைத் தெளிவாக அறிந்துகொள்வது, அந்த வண்டிகளைக் காப்பதில் பாதி வேலையாகும்.

டைனமோ என்னும் இயந்திரம்

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் அக்கம்பியில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். அவ்வாறு தோன்றும் மின்சாரம் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் திசை மாறும் இயல்புடையது. பேட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் செல்லும் மின்சாரம். அதன் பொருட்டுச் சுழலும் அச்சின் முனையில் செப்புத் துண்டுகளாலான ஒரு வளையத்தை அமைத்து, அதன்மேல் இரண்டு கரித்துண்டுகள் உராயும்படி செய்தனர். வளையம் திசையைச் சீராக்கித் தருவதால் பள்ளி நூல்கள் அதைத் திசைமாற்றி என்கின்றன, நல்ல பெயர். கரித்துண்டுகளுக்குத் தூரிகை என்று பெயரிட்டதுதான் அத்துணைப் பொருத்தமில்லை. அதில் மயிரும் இல்லை, துடைப்பதும் இல்லை. பட்டறையில் அதைக் 'கார்பன்' என்கிறார்கள். மாணவனுக்குப் பொருள் விளங்குவது இச்சொல்லாலேயே.

காந்தப்புலத்திற்கு நிலைக்காந்தம் வைக்காமல், டைனமோ ஆக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியையே எடுத்து இரும்பைக் காந்தமாக்கும் முறை 1866, 1867ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. சீமென்ஸ், வீட்ஸ்டன், வார்லி ஆகிய மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதைக் கண்டனர். பணம் இல்லாமல் வாணிகம் தொடங்க முடியாதது போல, தொடக்கத்தில் சிறிதும் காந்தம் இல்லையேல் இம்முறை நடவாது. நல்ல வேளையாக, ஒருமுறை காந்தமான இரும்பு அதைச் சிறிதளவு தன்னுள் வைத்துக்கொள்கிறது. அந்த எஞ்சிய காந்தமே முதலீடு. அது சிறு மின்சாரத்தை எழுப்ப, அச்சிறு மின்சாரம் காந்தத்தைப் பெருக்க, பெருகிய காந்தம் மேலும் மின்சாரத்தை எழுப்புகிறது.

மிதிவண்டியில் டயரை உரசிச் சுழலும் சிறு கருவியையும் டைனமோ என்றே வழங்குகிறோம். உண்மையில் அதில் நிலைக்காந்தம் சுழல்கிறது, திசைமாற்றியும் இல்லை. அது திசை மாறும் மின்சாரத்தையே தருகிறது. பெயர் ஒன்றாயினும் பிறவி வேறு. எனினும் ஓர் உண்மையை அது நன்கு விளக்குகிறது: மிதிக்கும் வேகம் கூடினால் விளக்கின் ஒளி கூடும், நின்றால் இருள். காரிலும் அவ்வாறே. இயந்திரம் மெதுவாக ஓடும்போது டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியினுடையதைவிடக் குறைவு. அப்போது இரண்டையும் இணைத்தே வைத்திருந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குள் பாய்ந்து வீணாகும். மிகு வேகத்திலோ மின்னழுத்தம் அளவுகடந்து ஏறிப் பேட்டரியைக் கொதிக்கச் செய்யும்.

இவ்விரண்டையும் தடுப்பதற்கே கட்டுப்பாட்டுப் பெட்டி. அதனுள் இரண்டு மின்காந்தச் சுருள்கள் உள்ளன. ஒன்று கட்-அவுட், அது வாயிற்காவலன். டைனமோவின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டும்போது கதவைத் திறந்துவிடும், குறைந்தால் மூடிவிடும். மற்றொன்று ரெகுலேட்டர். மின்னழுத்தம் வரம்பை அடைந்ததும் டைனமோவின் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தை இடையிடையே நொடிக்குப் பலமுறை குறைத்துக் கட்டுப்படுத்தும். பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம் செய்த சி-39, சி-40 டைனமோக்களும் ஆர்.பி.-106 என்னும் பெட்டியும் மோரிஸ் மைனர் முதலிய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படுபவை. டைனமோவின் பெரிய முனை 'டி'. அது மின்சாரம் வெளிவரும் வழி. சிறிய முனை 'எஃப்'. அது காந்தச் சுருளுக்குச் செல்லும் வழி. ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் வண்டிகளின் போஷ் டைனமோக்களில் முனைப் பெயர்களும் இணைப்பு முறையும் வேறாகும். அடிப்படைக் கருத்து ஒன்றே.

விளக்கு ஒரு தராசு முள்

இனிச் செவ்விளக்கின் பொருளைக் காண்போம். அதன் ஒரு முனை சாவி வழியே பேட்டரியோடு சேர்ந்திருக்கிறது. மறுமுனை டைனமோவின் டி முனையோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மின்னழுத்தம் சமமானால் மின்சாரம் ஓடாது; விளக்கு எரியாது. சமம் இல்லையேல் எரியும். எப்பக்கம் தாழ்ந்தது, எப்பக்கம் உயர்ந்தது என்பதை அது சொல்லாது. அஃதாவது, அது மின்னேற்றத்தை அளக்கும் கருவியன்று. இரு தட்டுகளை ஒப்பிடும் தராசின் முள்.

இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால் விளக்கின் நடத்தை யாவும் விளங்கும். இயந்திரம் நிற்கையில் டைனமோவின் பக்கம் வெறுமை. ஆதலின் விளக்கு எரிகிறது. வேகம் கூடி டைனமோ பேட்டரிக்கு இணையாகும்போது அணைகிறது. கட்-அவுட் திறந்துவிட்டபின் இரு தட்டுகளும் ஒரே கம்பியால் கட்டப்பட்டவை போல் ஆகிவிடுகின்றன. அதன்பின் பேட்டரிக்குள் 15 ஆம்பியர் சென்றாலும் அணைந்தே இருக்கும். ஓர் ஆம்பியர் சென்றாலும் அணைந்தே இருக்கும். தலைவிளக்கும் மழைத்துடைப்பானும் டைனமோ தருவதைவிட மிகுதியாக இழுத்து, பேட்டரி மெல்ல வற்றிக்கொண்டிருந்தாலும், கட்-அவுட் மூடாதவரை அணைந்தே இருக்கும். விளக்கு அணைந்ததை நலத்தின் சான்றாகக் கொள்வது எவ்வளவு தவறு என்பது இதனால் புலப்படும்.

வேகம் எவ்வளவு கூட்டினும் விளக்கு ஒரே அளவாக எரிந்தால் டைனமோ ஒன்றுமே தரவில்லை என்பது பொருள். ஒருமுறை அணைந்து, வேகம் கூடக் கூட மீண்டும் முன்னினும் ஒளியோடு எரிந்தால் செய்தி நேர்மாறானது. டைனமோ நன்றாக உழைக்கிறது. அதன் தட்டு இப்போது பேட்டரியின் தட்டைவிட உயர்ந்துவிட்டது. ஆனால் வாயிற்காவலன் கதவைத் திறக்கவில்லை. கட்-அவுட் பழுதாகியிருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். இந்நிலையில் டைனமோவை மாற்றுவது, பசிக்கிறது என்பவனுக்குச் செருப்பு வாங்கித் தருவது போன்றது. இரவில் மின்மினி போல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தால், வழியில் எங்கோ தடை இருக்கிறது: கட்-அவுட்டின் முனைகளில் கரி, அல்லது தளர்ந்த ஒரு திருகாணி.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாமை மூன்று காரணங்களால் வரும். பல்பு உருகியிருக்கலாம். டைனமோவில் பல்பு இல்லாவிடினும் மின்னேற்றம் நடக்கும். எனவே இது தனியே அபாயமில்லை. கார்பன் திசைமாற்றியைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது காரணமே அஞ்சத்தக்கது: கட்-அவுட்டின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது பேட்டரி முழுவதும் டைனமோ வழியே வெளியேறிக் கம்பிகள் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். சாவி மூடியிருக்கையில் டி முனையில் வோல்ட்மீட்டரை வைத்தால் முள் அசையக்கூடாது. 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உடனே பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வேறு எந்த ஆராய்ச்சியும் அதற்குப் பின்னரே.

சோதிக்கும் வழி

முதலில் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவன. விசிறிப் பெல்ட்டை அதன் நீண்ட பகுதியின் நடுவில் அழுத்தினால் அரை அங்குலத்திற்கும் ஓர் அங்குலத்திற்கும் இடைப்பட்ட அளவு அசைய வேண்டும். தளர்ந்த பெல்ட் வழுக்கும்; மழையில் நனைந்தால் மேலும் வழுக்கும். மிக இறுக்கினால் டைனமோவின் பேரிங் கெடும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் செவ்விளக்கு எரியும். அப்போது 'மின்னேற்றம்தானே, வீடு போய்ச் சேரலாம்' என்று எண்ணுவது பிழை. மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் குளிர்விக்கும் விசிறியைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்; சில கல் தொலைவில் இயந்திரமே வெந்துவிடும்.

அடுத்து எர்த். பழைய வண்டிகளில் பாதி மின்வழி கம்பியால் ஆனது. மறுபாதி வண்டியின் இரும்புடலே. இயந்திரம் இரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் உடலுக்கும் இடையே ஒரு பின்னற்கம்பி போட்டிருப்பார்கள். கெடாவின் செப்டம்பர், அக்டோபர் மழையும் வறண்ட மாதங்களின் செம்மண் தூசியும் மாறி மாறி இக்கம்பியின் முனைகளை அரித்துவிடுகின்றன. அது அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கம்பி, வேகமிதிக் கம்பி வழியாகப் பாயும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கைப்பிடி சூடாவது இதன் அடையாளம். அறியாதவர் இதைக் கண்டு வியப்பர். சோதனை எளிது: விளக்குகளை ஏற்றி, இயந்திரத்தை நல்ல வேகத்தில் ஓடவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் உடல்மேலும் மற்றொன்றைப் பேட்டரியின் எர்த் முனைமேலும் வைக்க வேண்டும். முள் ஏறக்குறைய அசையாதிருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். லூகாஸ் கருவிகளைப் பழித்து 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேயரே கேலி செய்வதுண்டு. அக்கேலியிற் பெரும்பகுதி இந்தத் துருப்பிடித்த எர்த்துக்கே உரியது.

இவை நன்றாக இருந்தால் டைனமோவைத் தனியே விசாரிக்கலாம். டி, எஃப் முனைகளிலுள்ள இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அவ்விரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் பிணைக்க வேண்டும். அப்பிணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, இயந்திரத்தை மிக மெதுவாகத் தொடங்கி, சிறிது சிறிதாக வேகம் கூட்ட வேண்டும். பெட்டியின் கட்டுப்பாடு இப்போது இல்லாததால் மின்னழுத்தம் தடையின்றி ஏறும். 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடக் கூடாது. வேகத்தை முறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முள் தயங்காமல் சீராக ஏறினால் டைனமோ குற்றமற்றது.

ஏறாவிடின், எவ்வளவில் நிற்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன்களைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை நின்றால், எஞ்சிய காந்தம் மட்டும் வேலை செய்கிறது. காந்தச் சுருளில் பழுது. 4, 5 வோல்ட்டில் நின்றால் சுழலும் ஆர்மெச்சூரின் சுற்றுகளில் பழுது. மூன்று எண்கள், மூன்று நோய்கள். ஒரு வோல்ட்மீட்டரும் ஒரு முழக் கம்பியும் கால் மணி நேரமும் இருந்தால் இவ்வளவும் அறியலாம் என்னும்போது, சோதியாமல் டைனமோவைத் தூக்கி எறிவதற்கு எவ்வகையிலும் நியாயமில்லை.

கார்பன் கால் அங்குல அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். திசைமாற்றி கறுத்திருந்தால் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கலாம். பேட்டரிக் கம்பியைக் கழற்றியபின், இயந்திரம் ஆறியிருக்கையில் இதைச் செய்ய வேண்டும். கறை போகாவிடின் மெல்லிய கண்ணாடித்தாள் ஆகும், எமரித்தாள் ஆகாது. எமரியின் துகள் செப்புத் துண்டுகளின் இடைவெளியில் பதிந்துவிடும். பின்முனையிலுள்ள சிறு துளையில் சில சொட்டு இயந்திர எண்ணெய் விட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நினைவுள்ள வேறு சிலரோ நிறைய ஊற்றி, கார்பனை எண்ணெயில் ஊறவைக்கின்றனர்.

டைனமோ நன்று என்றால், கம்பிகளை விசாரிக்க வேண்டும். பிணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கழற்றிய கம்பிகளை மீண்டும் டைனமோவில் மாட்டி, மறுமுனையில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து டி கம்பியைக் கழற்றி அங்கே அளக்க வேண்டும். டைனமோவில் கண்ட அதே எண் இங்கும் வர வேண்டும். எஃப் கம்பிக்கும் அவ்வாறே. எண் குறைந்தால் இடைவழியில் கம்பி நைந்திருக்கிறது.

எஞ்சுவது பெட்டி. இதில் கைவைக்கும் முன் பொறுமை மிக வேண்டும். ரெகுலேட்டரின் முனைகளில் ஆக்சைடு படிந்தால் காந்தச் சுருளுக்கு மின்சாரம் குறைந்து, டைனமோ சோம்பும். முனைகள் ஒட்டிக்கொண்டால் கட்டுப்பாடின்றி மின்னேற்றம் மிகும். பேட்டரியில் நீர் அடிக்கடி வற்றும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உருகும். பேட்டரிக்குச் செல்லும் வழியைத் துண்டித்துவிட்டு அளந்தால் இப்பெட்டி ஏறத்தாழ 16 வோல்ட்டில் மின்னழுத்தத்தை நிறுத்த வேண்டும். வெப்பம் கூடக் கூட இவ்வெண் சற்றுக் குறையும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். அளக்காமல் திருகாணியைத் திருகுவதும், தகட்டை விரலால் வளைப்பதும் நல்ல பெட்டியையும் கெடுத்துவிடும்.

வரவும் செலவும்

எல்லாச் சோதனையிலும் தேறிய வண்டியின் பேட்டரியும் வற்றுவது உண்டு. இங்கே கோளாறு இரும்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சி-39 டைனமோ தரக்கூடிய உச்ச அளவு 19 ஆம்பியர்; அதுவும் டைனமோவின் அச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுச் சுற்றும்போது. சி-40 வகை 22 ஆம்பியர் தரும். செலவைப் பாருங்கள். 42 வாட் தலைவிளக்கு இரண்டுக்கும் 84 வாட். 12ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். பக்க விளக்கு, பின்விளக்கு, எண்பலகை விளக்கு எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியருக்கு மேல். எரிபொறிக்கு 3 அல்லது 4. மழைத்துடைப்பானுக்கு ஏறத்தாழ 3. ஆக மழையிரவில் செலவு 15 ஆம்பியரைத் தொடுகிறது. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் சென்றால் எஞ்சி நிற்பது 4 ஆம்பியர். செம்மண் பாதையில் பள்ளம் பார்த்து ஊர்ந்தாலோ, சுங்கைப்பட்டாணிச் சந்தியில் நெரிசலில் நின்றாலோ வரவு சுழியம். செலவு முழுவதும் பேட்டரியின் தலையில் விழும். இந்தக் கணக்கில் இன்று 60 வாட் ஹாலஜன் விளக்கு, மின்விசிறி, கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி ஆகியவற்றையும் சேர்த்துவிட்டு டைனமோவை நோவதில் பயனில்லை.

ஸ்டார்ட்டரே பேட்டரியை விழுங்குகிறது என்பது பரவலான எண்ணம். அது ஒரு கணத்தில் மிகுதியாக இழுப்பது உண்மைதான். 150 ஆம்பியரை 4 நொடி இழுப்பதாகக் கொண்டால் மொத்தம் 600 ஆம்பியர்-நொடி. தலைவிளக்குகள் ஒன்றரை நிமிடத்துக்குள் செலவழிப்பதும் இதே அளவுதான். பேட்டரியை வற்றச் செய்வது அந்த ஒரு கணத்துப் பேராசை அன்று. மணிக்கணக்கில் ஒழுகும் சிறு செலவுகளே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைக் கிளப்பிப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது இன்னொரு வழக்கம். டைனமோ வண்டிக்கு இதனால் நன்மை இல்லை. மெதுவோட்டத்தில் கட்-அவுட் திறப்பதே இல்லை. கிளப்பச் செலவான மின்சாரம் திரும்பி வருவதும் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவது அதனினும் பலமடங்கு நன்று.

வண்டி நிற்கும்போதே ஒழுக்கு இருக்கிறதா என்று காண, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் இடையே ஒரு சிறு பல்பைக் கோக்க வேண்டும். பல்பு ஒளிர்ந்தால் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிவர, எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அங்கே கோளாறு.

வெப்ப நாட்டுப் பேட்டரி

பேட்டரி என்பது ஒரு கலம் அன்று. ஒவ்வொன்றும் 2 வோல்ட் தரும் ஆறு கலங்களின் அடுக்கு. ஆதலின் மின்கல அடுக்கு என்பதே பொருள் பொருந்திய தமிழ். ஆறில் ஒன்று கெட்டாலும் அடுக்கு முழுவதும் பயனற்றுப்போகும். நீர்மானியால் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் குற்றம் பேட்டரியினுடையது. ஆறும் ஒரே அளவாகத் தாழ்ந்திருந்தால் மின்னேற்றக் குறையே காரணமாகும்.

ஆங்கில நூல்களைப் படித்து அளப்போர் இங்கே ஏமாறுவதுண்டு. குளிர்நாடுகளில் முழுதும் நிறைந்த பேட்டரியின் அமில ஒப்படர்த்தி 1.280 என்று அந்நூல்கள் கூறும். வெப்ப நாடுகளுக்கென அமிலத்தை நீர்க்கச் செய்து நிரப்புவது அந்நாளைய வழக்கம். அத்தகைய பேட்டரியில் 1.210 முதல் 1.230 வரையே முழு நிறைவு. 1.220 கண்டு பேட்டரி பாதி காலி என்று முடிவு செய்வது தவறாகும். எந்த அமிலம் நிரப்பப்பட்டது என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நலம். குறைந்த நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரே ஊற்ற வேண்டும். கிணற்றுநீரும் குழாய்நீரும் ஆகா. முனைகளில் பூக்கும் பச்சை, வெள்ளை உப்பை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கலங்களுக்குள் அது இறங்காதபடி காத்து, உலர்ந்தபின் வாசலின் தடவலாம். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை தொடங்குவது முதியவர்கள் கற்பித்த ஒழுங்கு.

ஆல்டர்னேட்டர் மாற்றலாமா?

கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. அதில் திசைமாற்றி இல்லை. டயோடுகள் அவ்வேலையைச் செய்கின்றன. மெதுவோட்டத்திலும் மின்னேற்றும் ஆற்றல் அதன் பெருஞ்சிறப்பு. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆங்கிலேய வண்டிகளும் அதற்கு மாறத் தொடங்கின. நாள்தோறும் இரவிலும் நெரிசலிலும் ஓட்டியாக வேண்டியவர் பழைய காருக்கு ஆல்டர்னேட்டரைப் பொருத்துவதில் குற்றம் காண்பதற்கில்லை. கிழமைக்கு ஒருமுறை பகலில் ஓட்டுபவருக்கு அது தேவையே இல்லை. பழுது நீக்கிய டைனமோ போதும்.

மாற்றுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1930களின் நடுப்பகுதி முதல் 1960கள் வரை ஆங்கிலேய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய ஆல்டர்னேட்டர்கள் எதிர்முனை உடலோடு இணைவதற்கென்றே அமைந்தவை. முனைகளை மாற்றாமல் பொருத்தினால் டயோடுகள் கணப்பொழுதில் கருகிவிடும். டைனமோவை வைத்துக்கொண்டே முனைகளை மாற்றுவோரும், நெடுநாள் கிடந்த டைனமோவை மீண்டும் பொருத்துவோரும் அதன் எஞ்சிய காந்தத்தைப் புதிய திசைக்குப் பழக்க வேண்டும். டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வரும் ஒரு கம்பியால் எஃப் முனையை இரண்டு மூன்று முறை கணநேரம் தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி பறக்கும். அதன்பின் கம்பிகளை மாட்டி இயந்திரத்தைக் கிளப்பி, செவ்விளக்கைப் பார்ப்பதோடு நில்லாமல், பேட்டரியின் முனைகளில் வோல்ட்மீட்டரையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டிய முள், வேகம் கூட்டும்போது 13ஐத் தாண்டி ஏற வேண்டும். தலைவிளக்குகளை ஏற்றிய பின்னும் 13ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.